மாப்ளே, சீவாளி பத்திரம்

மாப்ளே,

பதில் போடலைன்னு திட்டியிருந்தே, ஒத்துக்கறேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம். பெரியவர் இன்னும் அதே திண்ணையில, அதே விளம்ப காலத்துலதான், இழுத்து மெதுவாப் பேசுறார். விஷயத்துக்கு வர்றேன்.

கச்சேரி அன்னிக்கே நீ வெச்சிருக்கிற பேட்டிப் பட்டியலைப் பார்த்துத் தலை சுத்திச்சு. காலை 9 மணிக்குத் திருச்சி வானொலி, 12-க்குத் தஞ்சாவூர்ல கேபிள் டிவி, 3 மணிக்குத் தாராசுரத்துல வீடியோ, 6.30-க்கு மாயவரத்துல கச்சேரி. ஒரே நாள்ல 130 கிலோமீட்டருக்கு மேல! கல்யாண சீசன்ல நாம அலைஞ்சது பத்தாதா? மேளத்துக்கு விளம்பரம் வேணும்தான். ஆனா சாயங்காலம் ஊத வேண்டிய உதட்டையும், நாயனத்துல மாட்டி ஊதுற நாணல் சீவாளியையும் காலையிலேயே செலவழிச்சிட்டு மேடையில எதை வெச்சு ஊதுவே?

ஸ்டுடியோ ஏசிதான் முதல் வில்லன். நனைச்ச சீவாளி அங்க சீக்கிரம் காஞ்சிடும். குளிர்ல நாயனத்துக்குள்ள (நாகஸ்வரம்தான்) காத்தும் குளிர்ந்து சுருதி இறங்கும். சுருதிப் பெட்டி மட்டும் அசையாம நிக்கும். உடனே உன் கை சும்மா இருக்காது. சீவாளியை உள்ள தள்ளுவே, துளையில இருக்கிற மெழுகைச் சுரண்டுவே. சாயங்காலம் பந்தல் வெக்கையில அதே நாயனம் சுருதிக்கு மேல ஏறிக் கத்தும். அதனால மெழுகைத் தொடாதே. முதல்ல சத்தமில்லாம வெறும் மூச்சை ஊதி மரத்தைச் சூடாக்கு, அப்புறம் சுருதி பார். பேட்டிக்குன்னு பழகின பழைய சீவாளி ரெண்டு போதும். கச்சேரிக்கான மூணையும் தனி டப்பாவுல வை, வேன் டேஷ்போர்டு வெயில்ல போடாதே.

ரேடியோவுல 'கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க'ம்பாங்க. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியில ஒரு துண்டு, ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான். தோடி ராகத்தை எடுத்தே, உன்னால நிறுத்த முடியாது, எனக்குத் தெரியாதா! தவில்காரரை வெறுங்கையால தட்டச் சொல்லாதே. விரல்ல மாட்டுற கூடு இல்லாம வலந்தலை, அதான் வலது பக்கத் தோல், பேசாது. மாட்ட நேரம் ஆகும்னு முன்னாடியே சொல்லிடு.

வாங்கின பட்டத்தையெல்லாம் அடுக்காதே. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சதைச் சொல்லு. இடிச்ச பழைய வீட்டு ஆச்சா மர உத்தரம் எப்படி உலவு, அதான் நாயனத்தோட குழல், ஆகுதுன்னு சொல்லு. ஜனங்க காது கொடுக்கிறது அதுக்குத்தான்.

தாராசுரம் தொல்லியல் துறைக் கோயில். ஸ்டாண்ட் வெச்சுப் படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும், கேட்டுக்கோ. செல்போனைப் பத்தடி தள்ளி வை. கிட்ட வெச்சா மைக் திணறி, நாயனம் தகரம் மாதிரி கேக்கும்.

கச்சேரி மைக்கைப் பத்தி எத்தனை தடவை சொல்லியாச்சு! நாயனத்தோட கீழ் முனையில விரிஞ்சிருக்கிற அணசு வாய்க்குள்ள மைக்கைத் திணிக்கிறதை இன்னும் விடலையாம். சத்தம் அணசுல மட்டுமா வருது? திறந்த துளையிலேர்ந்தும்தானே வருது. வாய்க்குள்ள வெச்சா எல்லாத் துளையும் மூடின கீழ் ஸ்வரம் மட்டும் இடிக்கும், மேல விரல் போனா சத்தம் காணாமப் போகும். உலவு நடுவுக்கு நேரா, ரெண்டடி தள்ளி ஒரு மைக் வை. தவில் பக்கத்துல ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். தவில் சத்தம் தவில்காரருக்குத் தானாவே கேக்கும்! 5 மணிக்கே போய், சுருதிக்கு ஊதுற ஒத்து, நாயனம், கடைசியா தவில்னு ஒண்ணொண்ணாச் சரி பார்க்கச் சொல்லு. தவிலை முதல்ல வெச்சா ஆபரேட்டர் மத்ததையெல்லாம் ஏத்திக்கிட்டே போவார். பனி விழுந்தா தோல் தளரும், போல்ட் தவிலுக்கு ஸ்பேனர் மேடையிலேயே இருக்கட்டும்.

மதியம் தயிர் சாதத்தோட நிறுத்து. வயிறு நிறைஞ்சா மூச்சு நிக்காது. அந்தக் கும்பகோணத்து ஓட்டல் பக்கம் வண்டியைத் திருப்பினே, டிரைவருக்கே போன் போடுவேன்.

கும்பகோணம் தாண்டினதும் திருவாவடுதுறையில எனக்கு ரெண்டு சீவாளி வாங்கிக்கோ. அன்னிக்கே ஊதிப் பார்க்காதே. புதுச் சீவாளி படிய நாளாகும், உதடுதான் புண்ணாகும். காசு நேர்ல தர்றேன்.

இப்படிக்கு,
உன் பங்காளி