கட்டுமரம் கட்டத் தெரிந்த தாத்தாக்கள் தேவை

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கட்டுமரம் பற்றிச் சிறுகுறிப்பு கேட்டிருந்தோம். நான்கு பேர், 'இரண்டு அடிப்பாகம் கொண்ட சொகுசுப் படகு' என்று எழுதியிருந்தார்கள். செல்போனில் தேடிப் படித்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போய், 'கேட்டமரன்' (catamaran) என்று வேறொரு படகுக்குப் பெயராக வைத்துவிட்டார்களே! ஆனால் அந்த நால்வரில் ஒருவனுடைய தாத்தா கட்டுமரத்திலேயே தொழிலுக்குப் போனவர். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதெல்லாம் ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்ததும் பெரும்பாலும் அதுதான். இன்ஜின் வைத்த ஃபைபர் வசதியானது, அதை நான் குறை சொல்லவில்லை.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு, பள்ளிக்கு எதிரே உள்ள மணலில் ஒரு கட்டுமரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக் காட்டப் போகிறோம். ஆணி கிடையாது, கயிறு மட்டும்தான். மேலே ஏறும் அலை மரங்களின் இடுக்கு வழியாகவே இறங்கிவிடுவதால் தண்ணீர் இறைக்கும் வேலையே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் அல்லவா?

அப்புறம் மசூலாப் படகின் கதையையும் சொல்வோம். சென்னையில் துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் தள்ளி ஆழத்தில்தான் நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தது மசூலாதான். பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். மசூலாவே இறங்கத் தயங்கும் கடலில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் கட்டாயம் வர வேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும். பழைய துடுப்போ பாய்த்துணியோ பரணில் கிடந்தால் கொடுத்தனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. எனக்கே நீச்சல் தெரியாது, அதனால் இதில் கெஞ்சினாலும் விடமாட்டேன். கீழே உள்ள சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்