கணவாயை விட்டுவிட்டு மலையின் வரலாற்றை எழுத முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலை நம் வரலாற்றையும் பண்பாட்டையும் எவ்வாறு உருவாக்கியது என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மழை மறைவுப் பகுதி, ஆறுகளின் பிறப்பு, குறிஞ்சித் திணை என்று கட்டுரையாளர் சொல்லிச் சென்றவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், மலையை முழுக்க முழுக்க ஒரு மதிலாகவே கண்டு, இரு பக்கத்து மக்களும் தனித்தனியே வளர்ந்ததற்கு அதுவே காரணம் என்று அவர் முடித்திருப்பது கொங்கு நாட்டுக்குப் பொருந்தவில்லை. மலை எழும்பி நிற்கும் இடங்களைக் காட்டிலும், அது எழும்பாமல் விட்ட ஓர் இடமே எங்கள் பகுதிக்கு வாழ்வு தந்தது. பாலக்காட்டுக் கணவாயைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததால்தான் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமலைத் தொடரில் ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரு உயரங்களுக்கும் நடுவே, 30 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில், மாட்டு வண்டியே மூச்சு வாங்காமல் கடந்துவிடக்கூடிய தாழ்நிலமாகக் கணவாய் கிடக்கிறது. நான் குடியிருக்கும் போத்தனூரில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால், வலப்பக்கம் வெள்ளியங்கிரி மலைகளும் இடப்பக்கம் ஆனைமலையின் நீல விளிம்பும் தெரியும். இடையில் கேரள எல்லையிலுள்ள வாளையார்ப் பக்கம் வானம் தரையைத் தொடுவது போல இறங்கியிருக்கும். வைகாசிக் கடைசியில் மேகம் அந்த வாசல் வழியாகத்தான் எங்களை நோக்கி வருகிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பிரிவில் மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில், அந்த வாசல் வழியே வரும் காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பங்குனி, சித்திரை மாதங்களில் காற்றில் ஈரம் வற்றிவிட்டால் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் இழை அறுந்துகொண்டே இருக்கும். இயந்திரத்தின் ஒரு பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் ஒரு கதிரில் இழையை ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பக்கத்தில் இரண்டு அறுந்து, பறக்கும் பஞ்சுத் தூசி அவர்கள் தலைமுடியை வெளுக்க வைத்திருக்கும். மேல்காற்று இறங்கிய மறுவாரமே அந்த அறுப்பு பாதியாகக் குறைந்துவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பதிவேட்டில் கண்டிருக்கிறேன். கோவையில் 1888ஆம் ஆண்டில் முதல் நூற்பாலை எழுந்ததற்கும், 1932இல் நீலகிரியின் பைக்காரா புனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் வரிசையாகப் பெருகியதற்கும் கரிசல் மண்ணும் முதலாளிகளின் துணிவும் காரணங்கள்தாம். ஆயினும் நூலுக்கு வேண்டிய ஈரக்காற்றைக் கணவாயும், இயந்திரத்துக்கு வேண்டிய மின்சாரத்தை மலைமேல் பெய்த மழையும் தந்தன என்பதை ஆலைக்குள் வேலை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை வெறும் பழமொழியாக எண்ணுவோர், பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளை ஆடி மாதத்தில் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

காற்று வந்த வழியேதான் மனிதர்களும் வந்தார்கள். சேரர்கள் மேற்கே முசிறித் துறைமுகத்தையும் கிழக்கே கரூரையும் ஒருசேர ஆண்டதைப் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது, நடுவில் இவ்வளவு பெரிய மலை நிற்கையில் அது எப்படி முடிந்தது என்று கேட்கும் மாணவனுக்கு விடை இந்தக் கணவாய்தான். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கல்மணிகள் செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் அகழாய்வில் வெளிப்பட்டன. அங்கு பட்டை தீட்டிய கற்கள் மேற்குக் கடற்கரைக்குப் போக இதைவிட எளிய வழி இல்லை. எங்கள் போத்தனூரை அடுத்த வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் முகங்கள் உள்ளன. கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் ஒரு சிற்றூருக்கு அந்த முகங்கள் வந்து சேர்ந்ததை மதில் என்ற சொல்லால் எப்படி விளக்குவது? பின்னாளில் சோழர் காலத்தில் இவ்வழிக்கு ஒரு பெயரே இருந்தது. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகிலுள்ள பாறைக் கல்வெட்டு அதை ‘இராசகேசரிப் பெருவழி’ என்கிறது. அது தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பது, இரண்டு எழுத்துக்கும் பழகியவர்கள் அவ்வழியே நடந்தார்கள் என்பதற்குச் சான்றாகவே எனக்குத் தோன்றுகிறது.

படைகளுக்கும் இதுவே வழி. மலபாரைப் பிடித்த ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியது, இந்த வாயிலைக் கையில் வைத்திருக்கவே. ஆங்கிலேயர் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை போட்டபோதும் இதே தாழ்நிலத்தைத்தான் தேடி வந்தார்கள். அதனால் போத்தனூருக்கு 1862இலேயே ரயில் வந்துவிட்டது. கோவை நகரம் 1873 வரை காத்திருந்தது. (எங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வதை ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.)

பண்பாட்டைப் பற்றிக் கேட்டால், உக்கடத்திலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்து ஏறிப் பார்க்கச் சொல்வேன். வாளையாரைத் தாண்டியதும் தென்னைக்கு முன்னால் கண்ணில் படுவது பனை. கேரளம் என்றால் நம் மனத்தில் எழும் காட்சிக்கு மாறாக, நம் பக்கத்து வறண்ட காற்று நுழையும் அந்த மாவட்டத்தில் வயல் வரப்பெங்கும் பனைகள் நிற்கின்றன. அங்குள்ள சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் வீட்டுமொழியே தமிழ். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்று புகழப்படும் கல்பாத்தியின் அக்கிரகாரங்களில் மலையாளம் ஊறிய தனி வகைத் தமிழ் வழங்குகிறது. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரும் மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயரும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். இக்கரையிலோ, ஓணத்துக்குக் கோவை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அத்தப்பூக் கோலத்துக்குச் செண்டுமல்லியும் வாடாமல்லியும் இங்கிருந்தே மூட்டை மூட்டையாகப் போகின்றன.

கட்டுரையாளர் சொன்ன மதிலை நான் அடியோடு மறுக்கவில்லை. அது வேறு உயிர்களுக்கு வாய்த்திருக்கிறது. நீலகிரியின் சோலைக்காடுகளில் வாழும் சோலைக்கிளி என்ற சிறு பறவையும், கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனிமலைச் சோலைகளில் வாழும் சோலைக்கிளியும் வெவ்வேறு இனங்கள். குளிர்ந்த மலையுச்சியை விட்டு இறங்காத அப்பறவைக்கு, நாம் வழி என்று கொண்டாடும் வெப்பமான தாழ்நிலமே கடக்க முடியாத தடை. கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள யானைகளுக்கிடையே மரபணு வேறுபாடு இருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் போட்ட ரயில் பாதை அந்தத் தடையை இன்னும் கடுமையாக்கிவிட்டது. மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடையே ரயிலில் அடிபட்டு இறந்த யானைகள் பல. 2024 முதல் மதுக்கரை வனச்சரகத்தில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் தண்டவாளத்தைக் கண்காணித்து, யானை நெருங்கினால் எச்சரிக்கை தருவது ஆறுதல் அளிக்கிறது.

கட்டுரை தொடராக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதிகளில் ஒன்றைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒதுக்குமாறும், அதை எழுதுபவர் வாளையாருக்கு இந்தப் பக்கம் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாமல், கல்பாத்தி, சித்தூர் வரை போய் அங்குள்ள பெரியவர்களிடமும் கேட்டு எழுதுமாறும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பஞ்சாலைப் பணியாளர் ஒருவர்,
போத்தனூர், கோயம்புத்தூர்.