பயணக் காணொளி எடுக்கும் தமிழ் நண்பர்களுக்கு, மார்செய்யிலிருந்து ஒரு மடல்

அன்பு நண்பர்களே,

வணக்கம். பிரான்சின் தென்கரையில், மார்செய் நகரத்தில் இருக்கிறேன். ஊர் நினைப்பு வரும்போதெல்லாம் உங்கள் காணொளிகளைத்தான் பார்ப்பேன். போன வாரம் உங்களில் ஒருவர் எங்கள் ஊர்க் கலாங்க் பக்கம் வந்து எடுத்ததைப் பார்த்தேன். வெள்ளைப் பாறை, பைன் மரங்கள், பச்சையும் நீலமுமாய்த் தண்ணீர், எல்லாமே அழகாக வந்திருந்தன. யாருக்கும் தெரியாத இடம், கட்டணம் இல்லை, தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிவிடலாம் என்று முடித்திருந்தார். அதைக் கேட்டபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கலாங்க் என்றால் சுண்ணாம்புப் பாறை மலைக்குள் கடல் புகுந்து நிற்கும் ஒடுங்கிய குடா. மார்செய்யிலிருந்து கசீ ஊர் வரை வரிசையாக இருக்கின்றன. 2012-இல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அவற்றில் சூஜித்தோன் என்பது நகரத்துக்கு மிகவும் பக்கம். லூமினியில் பேருந்தை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் போதும். அவ்வளவு பக்கத்தில் இருப்பதே அதற்கு வினையாகிவிட்டது.

முதல் முறை அங்கே போனபோது என் கண் கடலில் நிற்கவில்லை. சரிவில் நின்ற பைன் மரங்களின் வேர்கள் மண்ணுக்கு வெளியே, வயதானவர் கை நரம்பு போலப் புடைத்துக் கிடந்தன. பாறைமேல் மண் என்பது அங்கே மெல்லிய போர்வைதான். கால் பட்டுப் பட்டு அது இளகிவிடுகிறது, ஒரு மழை வந்தால் கடலுக்கு இறங்கிவிடுகிறது. விதை முளைத்தாலும் மிதிபட்டுச் சாகிறது. அந்தச் சின்ன இடத்துக்குக் கோடையில் ஒரே நாளில் 2,500 பேர் வரை வந்தார்கள். பெரிய மரங்கள் நின்றன, கன்று ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் இல்லாத ஊர் போல இருந்தது.

2021-இல் பூங்கா நிர்வாகமே, கூட்டம் நெரியும் படங்களைப் போட்டு, வராதீர்கள் என்று சொல்லும் நிலைக்குப் போனது. அடுத்த ஆண்டு, சூஜித்தோனுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு 400 பேர் என்று வரம்பு வைத்தார்கள். பணம் கிடையாது, பெயர் பதிந்து கியூஆர் கோடு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாமல் போனால் 68 யூரோ அபராதம்.

எனக்கும் அன்று கோபம் வந்தது. பாரிஸிலிருந்து அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தார், இடம் கிடைக்கவில்லை, பிள்ளைகள் முகம் வாடிப்போனது. அப்புறம் இரண்டு கோடை கழித்துப் போனேன். வேலி கட்டி அடைத்திருந்த சரிவில் விரல் நீளத்துக்குச் சில பைன் கன்றுகள் நின்றன. எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். அழகைக் காட்டும் அதே நிமிடத்தில் முன்பதிவையும் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து, மலைக்குள் போகலாமா கூடாதா என்று முந்தின நாள் மாலையே அறிவிக்கிறார்கள். மிஸ்ட்ரால் என்னும் பலத்த வறண்ட வடகாற்று வீசும் நாளில் காய்ந்த பைன் காட்டுக்கு ஒரு சிகரெட் துண்டு போதும். வழி அடைத்திருக்கும் நாளில் கைப்பேசியைக் காட்டி, "இதோ, இந்த இடம்தான்" என்று தடுப்பைத் தாண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ட்ரோனையும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. அந்தச் செங்குத்துப் பாறைகளில் பொரி வல்லூறு கூடு கட்டுகிறது. மேலிருந்து எடுத்த காட்சி இல்லாவிட்டாலும் உங்கள் படம் நன்றாகத்தான் இருக்கும்.

வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் வாருங்கள். முன்பதிவு தேவைப்படாது, ரோஸ்மேரி பூத்திருக்கும், பாதையில் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். வருவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். லூமினி நிறுத்தத்தில் நிற்கிறேன், சேர்ந்தே நடக்கலாம்.

அன்புடன்,
மார்செய்யில் வாழும் உங்கள் பார்வையாளன்