வாக்கர்ஸா, டேட்டோவா: இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் காக்காவுக்கு (அண்ணனுக்கு) ஒரு கடிதம்

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கொடுத்தனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. சாக்லேட்டும் சோப்பும் அன்றைக்கே பங்கு போய்விட்டன. சிப்ஸ் பாக்கெட்டுகளை மட்டும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காரணம் உங்களுக்கே தெரியும். "சீஸ் அண்ட் ஆனியன்னா வாக்கர்ஸ்தான், மத்ததெல்லாம் சும்மா" என்று போனில் ஒரு போடு போட்டீர்களே, அதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. லெஸ்டரில் குடியிருப்பவர் லெஸ்டர் கம்பெனியைத் தூக்கிப் பேசுவது, கீழக்கரைக்காரன் தன் ஊர் இனிப்பான தொதலைப் பற்றிப் பேசுவது மாதிரிதான். சாட்சியாகச் செல்லாது.

முதலில் பாக்கெட்டின் நிறத்தால் வந்த குழப்பம். வாக்கர்ஸ் சீஸ் அண்ட் ஆனியன் நீலத்தில் வருகிறது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நீலம் என்றால் லேஸ் மேஜிக் மசாலா. சின்னவன் மசாலா என்று நினைத்து ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தான். இத்தனைக்கும் வாக்கர்ஸ், லேஸ் இரண்டுக்கும் இப்போது முதலாளி ஒருவர்தான். 1989-ல் பெப்சிகோ வாக்கர்ஸை வாங்கிவிட்டது. உங்கள் ஊரிலேயே மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் இந்த ருசியைப் பச்சையில் போட்டு, வினிகருக்குத்தான் நீலம் கொடுப்பார்களாமே. வாக்கர்ஸ் மட்டும் தலைகீழ்.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். பாக்கெட்டைக் காட்டினால் ஆளுக்கொரு கட்சி கட்டிவிடுவார்கள் என்று, வாக்கர்ஸ், அயர்லாந்தின் டேட்டோ, நம்மூர் லேஸ் க்ரீம் அண்ட் ஆனியன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டுகளில் கொட்டி, அடியில் துண்டுச்சீட்டில் எண் எழுதி வைத்தேன். ஜன்னலை அடைத்தேன். நம் வீட்டில் கடல்காற்று பட்டால் பத்து நிமிஷத்தில் சிப்ஸ் நமுத்துப்போகும், அப்புறம் எந்தக் கம்பெனியும் ஒன்றுதான். தட்டு மாறும்போது வெந்நீர் குடிக்கச் சொன்னேன். பச்சைத் தண்ணீரில் நாக்கில் படிந்த எண்ணெய் போவதில்லை. நடுவர்கள்: உம்மா, லாத்தா, சின்னவன், நான்.

உம்மா தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி வைத்தார்: "இந்தச் சீஸ் எதுல உறைய வச்சது?" நியாயமான கேள்விதான். பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துத்தான் பாலை உறைய வைப்பார்கள். சைவர்களுக்கு ஏற்றது என்று பாக்கெட்டில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டிய பிறகே கை நீண்டது.

வாக்கர்ஸ் மெல்லிசு, கடித்ததும் நொறுங்குகிறது. ஒரு வில்லையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கொப்புளங்களின் மேட்டில் தூள் ஒட்டியிருக்கிறது, பள்ளத்தில் இல்லை. அதனால் முதல் கடி ஒரு ருசி, அடுத்தது வேறு ருசி. முதலில் வருவது உப்பும் இனிப்பும், வெங்காயம் பின்னால்தான் வருகிறது. அதுவும் நன்றாக வதங்கிய வெங்காயம், பிரியாணிக்குப் பொரித்து எடுத்ததன் வாசனை. சீஸ் ஒரு சின்னப் புளிப்பாக அண்ணத்தில் நின்று போகிறது. நல்ல சிப்ஸ், குறை சொல்ல மாட்டேன். சண்டைக்கு வராத சிப்ஸ்.

டப்ளினுக்கு வேலையாகப் போனபோது நீங்கள் வாங்கிய டேட்டோ அப்படியில்லை. தட்டில் கொட்டும்போதே உம்மா நிமிர்ந்து பார்த்தார். மூக்கில் ஏறுகிற வெங்காயம், பாதி பச்சையாகவே இருக்கிற மாதிரி ஒரு காரம். அதற்குப் பின்னால் சீஸின் புளிப்பு அழுத்தமாக வந்து உட்காருகிறது. விரலில் ஒட்டிய மஞ்சள் தூளை லாத்தா நக்கியதை நான் பார்த்தேன், அவர் மறுக்கிறார். "இதுலதான் வெங்காயம் இருக்கு, மத்ததுல வெங்காயத்தோட பேரு இருக்கு" என்றார் உம்மா. சீட்டைத் திருப்பினால் டேட்டோ. மூன்று ஓட்டு அதற்கு. சின்னவன் மட்டும் நம் பெட்டிக்கடை பச்சை பாக்கெட் லேஸுக்குப் போட்டான்.

அந்த லேஸ் க்ரீம் அண்ட் ஆனியனை இந்த வரிசையில் வைத்ததே சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது, மட்டம் என்பதால் அல்ல. அதில் புளிப்பு இருக்க வேண்டிய இடத்தில் பால்பவுடரின் இனிப்பு இருக்கிறது. இனம் வேறு. சீஸ் அண்ட் ஆனியனில் சீஸ் என்று தனியாக ஒரு ருசியைத் தேடினால் கிடைக்காது. அதன் வேலை, வெங்காயத்தின் காரத்தை நாக்கில் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்து வைப்பது. அந்தப் பிடி டேட்டோவில் இறுக்கம், வாக்கர்ஸில் தளர்வு. என் கட்சி இவ்வளவுதான் காக்கா. வெங்காயத்தை முன்னால் நிறுத்துகிற கம்பெனிக்கே முதலிடம்.

இந்த ருசியில் டேட்டோவுக்கு மூத்த உரிமையும் உண்டு. டப்ளினில் ஜோ மர்ஃபி 1954-ல் தொடங்கிய கம்பெனி அது. அவரிடம் வேலை பார்த்த ஷேமஸ் பர்க் என்பவர் மேசையில் உட்கார்ந்து கலந்து கலந்து பார்த்துப் பிடித்ததுதான் இந்த ருசி. அதற்கு முன் அந்தப் பக்கம் சிப்ஸ் என்றால் பெரும்பாலும் வெறும் உப்புதான். சில பாக்கெட்டில் அதையும் நீலக் காகிதத்தில் முறுக்கி உள்ளே போட்டிருப்பார்கள், நாமே பிரித்துத் தூவிக்கொள்ள வேண்டும். உங்கள் வாக்கர்ஸ் அடிப்படையில் இறைச்சிக்கடை. போருக்குப் பிறகு ரேஷனில் இறைச்சி கிடைக்காமல் 1948-ல் உருளைக்கிழங்குக்கு மாறியவர்கள்.

டப்பாவில் வந்த பிரிங்கிள்ஸை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. உருளைக்கிழங்கு பாதிகூட இல்லாத மாவைத் தட்டி வார்த்து எடுத்த பண்டம் அது. வரி வழக்கில் 2009-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் சிப்ஸ் கணக்கில்தான் சேர்த்தது. சேர்க்கட்டும், நம் வீட்டில் அது செல்லாது.

அயர்லாந்தில் இதை ரொட்டிக்குள் வைத்துத் தின்பார்கள் என்று லாத்தாவிடம் சொல்லித் தொலைத்தேன். பேக்கரி பன்னை அறுத்து, வெண்ணெய் தடவி, டேட்டோவை அடுக்கி உள்ளங்கையால் ஒரு அழுத்து. நொறுங்குகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. வெண்ணெயில் அந்தக் காரம் கொஞ்சம் அடங்கி, வெங்காய வாசனை மட்டும் மேலே வருகிறது. இப்போது சாயங்காலத் தேத்தண்ணிக்கு அதுதான் கேட்கிறார்கள்.

பாக்கெட் தீரும் நிலைக்கு வந்ததும் நாமே செய்து பார்ப்போமே என்று இறங்கினோம். சின்ன வெங்காயத்தை நறுக்கி மொட்டைமாடியில் காயப்போட்டேன். நம்மூர் வெயிலுக்குச் சொல்ல வேண்டுமா, சருகாகிவிட்டது. மிக்ஸியில் அரைத்து, பால்பவுடர், உப்பு, துளி எலுமிச்சை உப்பு சேர்த்து மாவுசல்லடையில் சலித்தேன். கட்டிச் சீஸைத் துருவிப் போட்டால் ஈரத்தில் திரண்டுவிடும் என்று அந்தப் பக்கமே போகவில்லை. ராமநாதபுரத்தில் ஹாட் சிப்ஸ் கடைக்காரரிடம், மிளகாய்த்தூள் போடாமல் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய குண்டு மிளகாயை வைத்துக்கொண்டு வெறும் சிப்ஸ் கேட்டால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கடை வாசலிலேயே தூளைத் தூவிக் குலுக்கினேன். சூடாக இருக்கும்போதுதான் மேலே எண்ணெய் ஈரமாக இருக்கும், ஆறினால் தூள் பையின் அடியில் தங்கிவிடும். வெங்காயம் டேட்டோவையே தூக்கி அடித்தது. புளிப்பு இருந்தது, ஆனால் அந்தப் பிடி இல்லை. அதற்கு உண்மையான செடார் தூள் வேண்டும்.

ஆகவே அடுத்த முறை வரும்போது டேட்டோ கொண்டு வாருங்கள். டேட்டோ என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் உண்டு. வட அயர்லாந்தில் 1956-ல் அந்தப் பெயரையும் செய்முறையையும் உரிமம் வாங்கி ஆரம்பித்தது வேறு கம்பெனி, ருசியும் கொஞ்சம் வேறு என்கிறார்கள். பின்பக்கம் ஊர் பார்த்து வாங்குங்கள், முடிந்தால் இரண்டிலும் எடுங்கள், அதையும் தட்டில் போட்டுத் தீர்த்துவிடலாம். விமானத்தில் மேலே போனதும் பாக்கெட் உப்பும், அதனால் துணிகளுக்கு நடுவே இறுக்கித் திணிக்காமல் அட்டைப்பெட்டியில் தளர்வாக வையுங்கள். இந்த முறை பாதி நொறுங்கித்தான் வந்தது. செடார் தூள் கிடைத்தால் கால் கிலோ. சால்ட் அண்ட் வினிகர் மட்டும் வேண்டாம், காடி வாசனை உம்மாவுக்கு ஆகவில்லை.

உங்கள் தம்பி,
கீழக்கரையிலிருந்து