பன்னிரண்டாவது ஆளாக வந்த தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்பு நண்பர்களே,

சிங்கப்பூரில் பஸ் எப்போது வரும் என்று காட்டும் நம்முடைய பஸ் நேரச் செயலி இன்று காலை மீண்டும் வெளியாகிவிட்டது. கடந்த சில வாரங்கள் செயலி இல்லாமல் எப்படிப் போயின என்பது உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளற மனமில்லை. நெஞ்சில் இப்போது நிறைந்திருப்பது நன்றி ஒன்றுதான்.

புதுக் கணக்கில் தொடங்கியதால், ஆண்ட்ராய்டு போன்களுக்கான கூகுள் பிளே ஸ்டோர் விதிப்படி நடக்க வேண்டியிருந்தது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபராகக் கணக்கு திறந்தவர்கள், குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதித்த பிறகே வெளியிட விண்ணப்பிக்கலாம். ஆரம்பத்தில் 20 பேர் கேட்டார்கள், பிறகுதான் குறைத்தார்கள். பகலில் வேறு வேலை, இரவில் செயலி என்று இருப்பவனுக்கு அந்தப் பன்னிரண்டே பெரிய எண். சொந்தக்காரர்களைக் கேட்டால் பாதிப்பேர் கையில் ஐபோன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா உணவங்காடியில் நண்பரிடம் போனில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி, “அண்ணே, என்னுது ஆண்ட்ராய்டுதான். பழசு, பரவாயில்லையா?” என்று போனை நீட்டினார். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை, விடுதியில் வாசம். செயலியைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

அன்றிரவே குரல்பதிவு வந்தது. ஓவர்டைம் முடித்து நிறுத்தத்தில் நின்றபடி பேசியிருந்தார். பின்னால் லாரிகள் போகும் சத்தம். “அண்ணே, நாலு நிமிசம்னு காட்டுச்சு, ரெண்டாச்சு, அப்புறம் ‘வருது’ன்னு காட்டுது. ரோட்டுல பஸ்ஸக் காணோம்.” நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமால் தரும் நேரங்களில் சில, பஸ் இருக்கும் இடத்தை வைத்துக் கணிக்கப்பட்டவை, சில, வெறும் அட்டவணை நேரங்கள். எது எந்த வகை என்பதும் அந்தத் தரவிலேயே உண்டு. இப்போது நம் செயலியில் அட்டவணை நேரம் சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். அசதியோடு நிற்கும் மனிதருக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவர் குரல்தான் உணர்த்தியது. இன்னோர் இரவு போன் திரையைப் படமெடுத்து அனுப்பினார். எழுத்தைப் பெரிதாக்கினால், பஸ்ஸில் கூட்டம் எப்படி என்று சொல்லும் ‘நிற்க இடம் உண்டு’ என்பதில் மேலே இருக்கும் புள்ளிகளெல்லாம் வெட்டுப்பட்டிருந்தன. அதுவும் சரியாகிவிட்டது.

பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருபவர், முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் தூக்கத்தில் கொஞ்சத்தைக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்றதற்கு, “ஊர்க்காரப் பசங்களுக்கும் சொல்லியிருக்கேன்ணே, செயலி வந்ததும் சொல்லுங்க” என்றார்.

மற்ற பதினொரு பேருக்கும், ஈசூனிலிருந்து தினமும் தவறாமல் திறந்து பார்த்த அத்தைக்கும், தமிழைத் திருத்தித் தந்த ஆசிரியைக்கும், இரவெல்லாம் கூட உட்கார்ந்து பிழை தேடிய நண்பருக்கும், பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும் என் நன்றி.

இனி எந்தப் பதிப்பும் பழைய போன் ஒன்றில், பெரிய எழுத்தில் ஓட்டிப் பார்க்காமல் வெளியே போகாது. விளம்பரமும் வராது. இது நான் கொடுக்கும் வாக்கு.

தம்பி, கை முழுக்க கிரீஸோடு திரையைத் தொட முடியவில்லை, நேரத்தை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள் என்று கேட்டீர்களே, அந்த வேலையை ஆரம்பித்துவிட்டேன். முதலில் உங்கள் போனுக்குத்தான் வரும்.

நன்றியுடன்,
உங்கள் அண்ணன்