காலாங் கரையிலிருந்து அப்பாவுக்கு

சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போன் உங்கள் கைக்கு வருவதற்குள் அம்மாவே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். முப்பது வருடம் மதகு திறந்து மூடிய லஸ்கரான உங்களிடம் சொல்ல இங்கே ஒரு விஷயம் இருக்கிறது.

நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 62 ஹெக்டேர், நம் கணக்கில் 150 ஏக்கருக்கு மேல். 1988இல் அமைத்தது. அதில் ஓடுவது காலாங். இந்தத் தீவிலேயே நீளமான ஆறு, ஆனால் சிரிக்காதீர்கள், மொத்தமே 10 கிலோமீட்டர்தான். காலையில் சைக்கிள் எடுத்தால் நீங்கள் காப்பி நேரத்துக்குள் கரை பார்த்துத் திரும்பிவிடுவீர்கள். (பீஷான் என்பது இங்கிருந்த பெரிய சீன இடுகாட்டின் பெயரிலிருந்து வந்ததாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.)

முன்பு இது ஆறாகவே இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து சிமென்ட் கால்வாயாக்கி, பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டருக்கு நூல் பிடித்தாற்போல் ஓட விட்டிருந்தார்கள். பிறகு அதை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே வளைத்து வளைத்து விட்டார்கள். 2012 மார்ச்சில் திறந்தபோது அதே ஆறு 3.2 கிலோமீட்டர். உடைத்த சிமென்ட் பாளங்களை அடுக்கி ஒரு சிறு குன்று எழுப்பியிருக்கிறார்கள். அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கரையில் சிமென்ட் பூச்சு கிடையாது. கட்டுக்கட்டாகக் குச்சிகள், நாணல், கல், அதன் இடுக்கில் செடி. நீங்கள் உடைப்பு அடைக்க மூங்கிலும் தழையும் வைப்பீர்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். பக்கத்து வடிகால் ஒன்றில் 60 மீட்டருக்குச் செய்து பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கை வைத்தார்களாம்.

மழை இல்லாத நாளில் பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவி அக்கரை போகிறார்கள். மழை கொட்டினால் ஆறு புல்வெளியையும் எடுத்துக்கொள்ளும். 100 மீட்டர் வரை அகலும். அதற்காகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். போன மாதம் நான் நடுக்கல்லில் நிற்கும்போது சிவப்பு விளக்கு எரிந்து சங்கு ஊதியது. வானம் இருட்டியிருந்ததே தவிரச் சொட்டுக்கூட விழவில்லை. மேலே எங்கோ பெய்த மழை. நான் கரையேறி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நின்ற கல்லைக் காணோம். தண்ணீர் செம்மண் நிறம்.

மற்றபடி விளையாட்டுத் திடல், சாப்பாட்டுக் கடை, நாய்களை அவிழ்த்துவிட்டு ஓட வைக்கத் தனி வேலி. குளத்துத் தண்ணீர் செடிப் பாத்திகள் வழியே வடிந்து சுத்தமாகிறது. ஒருநாள் விடியற்காலையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன்; குட்டி ஒன்று மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்றது, நறுக்நறுக் என்று.

நம் வாய்க்காலுக்குத் தரைவரை சிமென்ட் போட்டபோது நீங்கள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. "ஊறாத தண்ணீர் என்ன தண்ணீர்" என்றீர்கள். பழைய ஆள் என்று நான் கேலி செய்தேன். கடைமடைக்குத் தண்ணீர் எட்ட வேண்டாமா என்ற என் கேள்வியை இப்போதும் விடமாட்டேன். இங்கே பாசனம் இல்லை. இந்த ஆறு போய்ச் சேர்வது குடிநீர்த் தேக்கத்துக்கு. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் கேலி செய்தது தப்பு.

மேட்டூர் தண்ணீர் நம் வாய்க்கால் தலைப்புக்கு எப்போது வந்தது? ஷட்டரைத் திறக்கிற புதுப்பையன் உங்களைக் கேட்டுக்கொண்டு செய்கிறானா? அம்மாவிடம் சொல்லி அனுப்பாமல் நீங்களே எழுதுங்கள்.

உங்கள் மகன்