சிறுவர் வாசிப்பு – இயற்கை வட்டம், திருநெல்வேலி: 2023–24 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நம் வட்டத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கையில் இரண்டு பிள்ளைகளின் பெயர் விட்டுப்போய், அதற்கு நான் ஐப்பசி வரை பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனவே இந்த முறை யார் பெயரும் கிடையாது. யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆண்டின் தொடக்கத்தில் 24 பேர் இருந்தோம், முடிவில் 31 பேர். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரைதான் உறுப்பினர் என்பது விதி. எட்டாம் வகுப்பு முடித்த நான்கு பேர் போக மாட்டோம் என்று அடம்பிடித்ததால் அவர்களைத் ‘துணைப் பொறுப்பாளர்’ ஆக்கினோம். பதவி வந்ததும் ஒருவன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டான். மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறு மாலைகளில் மீனாட்சிபுரம் அறையில் கூட்டம். 24 கூட்டங்களில் 21 நடந்தன. நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டம்; கூட்டம் வைத்திருந்தால் நானே போயிருக்க மாட்டேன். மார்ச்சில் ஒன்று தேர்வுக்காக. மற்றொன்று டிசம்பர் 17. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாசிப்பைப் பற்றி முதலில். இந்த ஆண்டு சாகசக் கதைகளாகவே எடுத்துக்கொண்டோம். நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து காட்டுக்கோ தீவுக்கோ போய், வழி தவறி, சண்டை போட்டு, ராசியாகித் திரும்பி வரும் கதைகள். சின்னக் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் நிறைய வருகிறது. பெரியவர்களுக்கு நாவல் இருக்கிறது. நடுவில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு வயதுக்கு, நூறு பக்கம் ஓடுகிற கதை தமிழில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கிடைத்ததில் பாதி மொழிபெயர்ப்பு. ஒரு கதையில் பேட்ஜர் என்று ஒரு பிராணி வந்தது. “மரநாய் மாதிரியா சார்?” என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. “நம்ம ஊர் மரநாயை வச்சு ஏன் யாரும் எழுதல?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் பதில் இல்லாததால், சரி, நாமே எழுதுவோம் என்று முடிவாயிற்று. ஜூலை மாதத்தின் முக்கியத் தீர்மானம் அதுதான்.

கூட்டுக்கதைக்கு ஒரு நோட்டு. ஒருவர் ஓர் அத்தியாயம் எழுதி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். விதி ஒன்றே ஒன்று: நம் பக்கத்தில் இல்லாத பிராணி கதைக்குள் வரக்கூடாது. முதல் வாரமே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பொதிகை மலையில் சிங்கத்தை விட்டுவிட்டான். களக்காடு – முண்டந்துறை 1988இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம், அங்கே புலி உண்டு, சிறுத்தை உண்டு, சிங்கம் கிடையாது என்று மற்றவர்கள் வாதாடினார்கள். அரை மணி நேரம் போராடிவிட்டு, “வாலை மட்டுமாவது விடுங்க” என்றான். விட்டோம். அந்த அத்தியாயத்தில் இப்போது சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அது அந்தக் காட்டில் உண்மையாகவே இருக்கிற குரங்கு.

கதை இதுதான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் வந்த வரித்தலை வாத்துகள் கோடை தொடங்கும் முன்பே வடக்கே திரும்பிவிடுகின்றன. சிறகில் அடிபட்ட ஒரு வாத்து மட்டும் தங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு கூட்டம் வரும் வரை நான்கு பிள்ளைகள் அதை யாருக்கும் தெரியாமல் காப்பாற்ற வேண்டும்.

இனி நடைப்பயணங்கள். மொத்தம் ஏழு. ஆறு தாமிரபரணிக் கரையில், ஒன்று கூந்தன்குளத்துக்கு. ஜூன் மாதம் குறுக்குத்துறையில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆண்டின் பெரிய தகராறு அங்கேதான் தொடங்கியது.

நம்மிடம் இருப்பது இரண்டு பைனாகுலர். ஒன்றில் வலது கண்ணாடி பூத்துப்போய் எல்லாமே மார்கழிப் பனியாகத் தெரியும். நல்லதற்கு எப்போதும் இழுபறி. அன்று ஆற்றின் நடுவில் கறுப்பாக ஒரு பறவை, உடம்பு முழுக்க நீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. மீனாட்சிபுரத்துப் பையன் – ஆற்றங்கரைக்காரன் என்று வைத்துக்கொள்வோம் – “பாம்புத்தாரா” என்றான். டவுன் பையன் பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “ஏல, அது நீர்க்காகம்ல” என்றான். பெயர்கூடத் தெரியாமல் என்ன பறவை பார்க்கிறாய் என்று இவன் கேட்க, நாலு பறவை பார்த்தவனுக்கு என்ன வாய் என்று அவன் கேட்க, கையும் நீண்டுவிட்டது. இரண்டு பறவையுமே மீனுக்காக முங்கும், வெளியே வந்து சிறகை விரித்துக் காயவைக்கும். பாம்புத்தாராவின் அலகு ஊசி மாதிரி நேராக இருக்கும், நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல வளைந்திருக்கும். அலகைப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் சண்டையை விலக்கிவிட்டு நான் பைனாகுலரை வாங்குவதற்குள் பறவை முங்கிவிட்டது. எங்கே எழுந்ததோ தெரியாது. இருவரும் டூ விட்டார்கள். ஆறு மாதம் பழம் விடவில்லை. கூட்டத்தில் ஒருவன் கிழக்கே உட்கார்ந்தால் மற்றவன் மேற்கே. கூட்டுக்கதை நோட்டை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வாங்கிக் கொடுக்கத் தனியாக ஒரு தூதுவர் தேவைப்பட்டது. இருவரையும் உட்கார வைத்துப் பேசியது மூன்று முறை. பலன் இல்லை. இதைச் செயலாளரின் தோல்விக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

டிசம்பர் 17. அன்று ஞாயிறு, நம் கூட்டம். காலையிலிருந்தே மழை விடாததால் வர வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டோம். அதன் பிறகு நடந்தது நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. இங்கே ஆறு ஊருக்குள் வந்தது. உறுப்பினர் ஒருவரின் தாத்தா வாடகை வாங்காமல் நமக்கு விட்டிருக்கும் கீழ்த்தளத்து அறையில் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ் மூன்று தட்டுகளும் மூழ்கின. 212 புத்தகங்களில் 87 நனைந்தன.

தண்ணீர் வடிந்த நான்காம் நாள் கதவைத் திறந்தோம். வாடை தாங்கவில்லை. நான் நனைந்ததை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்றுதான் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்கவில்லை. இரண்டு வருடமாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை. அவள் வீட்டு மொட்டை மாடி அறைக்கு எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொன்னாள். வெயிலில் போட்டால் தாள் சுருண்டுவிடும், ஃபேன் காற்றில்தான் காயவைக்க வேண்டும் என்றாள். புத்தகத்தை நிற்கவைத்து, விசிறிபோல விரித்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டை மாற்ற வேண்டும். யார் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று பட்டியல் போட்டு மாடிப்படியில் ஒட்டிவிட்டாள். தாமதமாக வந்தவர்களை அவள் திட்டியது தெருவுக்கே கேட்டது. தலைவர் அவர்களும் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

54 புத்தகங்கள் பிழைத்தன. அதில் ஒரு விஷயம் கவனித்தோம். சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சான கதைப் புத்தகங்கள் பழுத்து உப்பினாலும் படிக்கும்படி மீண்டன. வழுவழுப்புத் தாளில் கலர் படம் போட்டவை பக்கத்தோடு பக்கம் ஒட்டி, செங்கல் மாதிரி பாளமாகிவிட்டன. பிரித்தால் படம் உரிந்து எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நாளும் வழுவழுப்பாக இருக்கிறதே என்று விலை அதிகம் கொடுத்து வாங்கியவன் நான்தான்.

ஆற்றங்கரைக்காரன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பள்ளிப் புத்தகங்களோடு, இரண்டு ஆண்டுகளாக அவன் எழுதிவந்த பறவை நோட்டும் போயிற்று. ஜனவரி 7 கூட்டத்துக்கு வந்தவன் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிகிற நேரத்தில் டவுன் பையன் ஒரு புது நோட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டப் போய்விட்டான். இவனுடைய பட்டியலை எல்லாம் தேதிவாரியாகத் தன் நோட்டிலிருந்து பார்த்து எழுதியிருந்தான். தன் எழுத்துப் பிழைகளையும் விடாமல் படி எடுத்திருந்தான். ‘கொண்டலாத்தி’ எல்லா இடத்திலும் ‘கொன்டலாத்தி’. ஜூன் மாதப் பக்கத்தில், குறுக்குத்துறைக்கு நேரே, இப்படி இருந்தது: ‘பாம்புத்தாரா 1 (நீ சொன்னது)’.

என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, ஜனவரி 14 முதல் 17 வரை. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும். இருவரும் ஒரே பட்டியலில் பெயர் கொடுத்திருந்தார்கள். கரை அடையாளமே மாறியிருந்தது. நாணல் படுத்துக் கிடந்தது. மருத மரங்களின் கிளையில், எங்களில் உயரமான ஆள் கையைத் தூக்கினாலும் எட்டாத இடத்தில் பிளாஸ்டிக் பைகளும் ஒரு சேலைக் கிழிசலும் தொங்கின. ஆற்றில் அவ்வளவு தண்ணீர் வந்ததா என்று வியந்த சின்னப் பையனிடம், “அதுக்கு மேலயும் வந்துச்சு” என்றான் ஆற்றங்கரைக்காரன்.

பிப்ரவரியில் கூந்தன்குளம். நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் இந்தக் குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மணிமுத்தாறு தண்ணீர்தான் இதற்கும் வருகிறது. வேன் வழியில் ஒருமுறை நின்றதைத் தவிரப் பயணத்தில் குறையில்லை. வேடந்தாங்கல் மாதிரி பறவைகள் அங்கே, மனிதர்கள் இங்கே என்று பிரிந்திருக்கும் என நினைத்துப் போனவர்களுக்கு ஊர் அதிர்ச்சி கொடுத்தது. வீட்டு முற்றத்து மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கிறது, கீழே துணி காய்கிறது. ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் விழுந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிப் போடுகிறார்கள். “துணி அழுக்காகாதா ஆச்சி?” என்று ஒருத்தி கேட்டதற்கு, “பிள்ளைக வீட்ல இருந்தா அழுக்காகத்தான செய்யும்” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நாமக்கோழி என்று அன்று 46 வகை எழுதினோம்.

வரித்தலை வாத்துகளும் இருந்தன. தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. 7,000 மீட்டருக்கு மேலே பறப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான்காவது அத்தியாயம் எழுதியவன் முகம் மாறிவிட்டது. வாத்துகள் குளத்தில் இல்லை. ஆட்டுமந்தை மாதிரி வரப்போரத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. கதையில் அந்த நான்கு பிள்ளைகளும் அத்தியாயம் அத்தியாயமாகத் தூண்டில் போட்டு வாத்துக்கு மீன் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

திரும்பும் வழியில் வேனில் பெரும் விவாதம். மீனை அப்படியே விட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கட்சி. விதி விதிதான் என்று ஒரு கட்சி. கடைசியில் பதினொரு பக்கம் அடித்தார்கள். அடித்த பிறகுதான் கதைக்கு உயிர் வந்தது என்பது என் அபிப்பிராயம். தூண்டில் போட்டால் மீன் கிடைத்துவிடும், அதில் சாகசம் ஒன்றும் இல்லை. சித்திரை வெயிலில் குளம் வற்றி வெடித்துக் கிடக்கும்போது பச்சைப் புல்லுக்கு எங்கே போவது? இப்போது அந்த நால்வரும் விடியற்காலையில் எழுந்து வாழைத்தோட்டத்து வாய்க்கால் ஓரம் புல் அறுக்கப் போகிறார்கள், தோட்டக்காரரிடம் மாட்டிக்கொள்கிறார்கள், அவர் எதற்கு என்று கேட்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

வெள்ளத்தைக் கதையில் சேர்க்கலாமா என்றும் பேச்சு வந்தது. பலருக்கு ஆசை. ஆற்றங்கரைக்காரன் மட்டும், “வேண்டாம் சார்” என்றான். காரணம் யாரும் கேட்கவில்லை. ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘அந்த வாரம் மழை பெய்தது.’ அது டவுன் பையன் எழுதியது.

வரவு செலவு. முன் இருப்பு ரூ. 4,310. சந்தா ரூ. 3,100. நன்கொடை ரூ. 14,500. மொத்தம் ரூ. 21,910. வேன் வாடகை ரூ. 6,500, சாப்பாடு ரூ. 2,940, நோட்டு, எழுதுபொருள் ரூ. 1,260, வெள்ளத்துக்குப் பின் வாங்கிய புத்தகங்கள் ரூ. 5,800, தேநீர், சில்லறைச் செலவு ரூ. 430. ஆகச் செலவு ரூ. 16,930, கை இருப்பு ரூ. 4,980. பில்கள் பொருளாளரிடம் உள்ளன. நனைந்துபோன மூன்று பில்கள் மட்டும் செய்தித்தாள் துண்டுகளுக்கு நடுவே இன்னும் காய்ந்துகொண்டிருக்கின்றன.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகள் காலை நடைக்கு வருவது இன்னும் குறைவு. பெற்றோர் ஒருவராவது கூட வந்தால் இது தீரும். பூச்சிகள், செடிகள் பக்கம் நாம் போகவே இல்லை, பறவையே கதி என்று இருந்துவிட்டோம். நடைக்கு அனுமதி கேட்டு ஒரு பள்ளிக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

வரும் ஆண்டில் கூட்டுக்கதையை அச்சடிக்க வேண்டும், சாதாரணத் தாளில். புத்தக பீரோவை மாடிக்கு ஏற்ற வேண்டும். மூன்றாவதாக ஒரு பைனாகுலர் வாங்கலாம் என்று செயற்குழுவில் பேசினோம். அதற்கு முன் பழையதில் பூத்த கண்ணாடியைச் சரிபார்க்கத் தர வேண்டும் என்று பொருளாளர் சொல்கிறார், அதுவும் நியாயம்தான்.

அறை தந்த தாத்தாவுக்கும், மொட்டை மாடி தந்த குடும்பத்துக்கும், பத்து நாள் ஓயாமல் ஃபேன் ஓடிய கரண்ட் பில்லை நம்மிடம் காட்டவே மறுத்ததற்கும் நன்றி. அறிக்கையையும் கணக்கையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்